ஸ்கேல் அக்காவும் இரண்டு டிஸ்க்குகளும்

ஸ்கேல் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கடையில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மரத்தில் செய்த வளைவு ஸ்கேல் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். கைக்குழி, கழுத்து, இடுப்பு என்று எந்த வளைவானாலும் அதை வைத்தே வரைவார். இரண்டு கையும் தேவைப்படும் வேலை வந்தால் அதை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொள்வார். ஒருநாள் செருகியதை மறந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஸ்கேல் இரண்டாக முறிந்தது. அன்று வீட்டில் சமையலும் இல்லை, பேச்சும் இல்லை. மறுநாள் அவர் கணவர், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், பிசின் வைத்து ஒட்டி மேலே தகட்டுப் பட்டை அடித்துக் கொடுத்தார். இன்றும் அதே ஸ்கேல்தான்.

அவர் வேலை பார்க்கும் தையற்கடை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மூன்று அறைகளில் இருக்கிறது. முன்னறையில் அளவெடுப்பதும் போட்டுப் பார்ப்பதும் நடக்கும். ஆளுயரக் கண்ணாடி அங்கேதான். நடு அறையை வெட்டுமேசை அடைத்துக்கொண்டிருக்கும். பின்னறையில் ஆறு மெஷின்கள். மற்ற கடைகளில் அளவு கிடைக்காதவர்கள்தான் இங்கே வருவார்கள். ஒரு தோள் இறங்கியவர், நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர், ஒரு கை இல்லாதவர், முதுகு வளைந்தவர். வேறெங்கோ போட்டுப் பார்த்து, கண்ணாடியைப் பார்க்காமலே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள். இங்கே ஒவ்வொருவரையும், முடிந்தால் நிற்க வைத்து, முடியாவிட்டால் உட்கார வைத்து, நாற்பத்தொரு அளவு எடுப்பார்கள். அந்த ஒரு உடம்புக்கு மட்டுமே பொருந்துகிற பேட்டர்னை வரைவது ஸ்கேல் அக்காவின் வேலை. அதைத் துணியில் வைத்து வெட்டுவது மாஸ்டரின் வேலை.

அக்கா இருபது வயதில் பட்டன் தைக்க வந்தவர். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கழித்துப் போட்ட பழைய கோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, செய்தித்தாளில் வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தார். இந்த வளைவு ஏன் இங்கே ஆழமாக இருக்கிறது, அங்கே ஏன் ஆழமில்லை என்று ஒரு கோட்டுக்கு ஒரு மாதம் யோசித்திருக்கிறார். நான்காவது வருடம் தானாக ஒரு பேட்டர்ன் வரைந்து மேசை மேல் வைத்தார். மாஸ்டர் பார்த்தார், வெட்டினார். சாயங்காலம் போகும்போது, "இன்னிக்குக் கத்தரி எங்கேயும் தடுமாறல" என்றார். அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு அதுதான் என்பது அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கடையில் இரண்டு வழக்கங்களை யாரும் மீறுவதில்லை. முதலாவது, எதையும் இரண்டு ஜோடிக் கண் பார்க்காமல் வெட்டக்கூடாது. வரைந்தவர் பார்த்த பிறகு இன்னொருவரும் பார்த்துத் தலையாட்ட வேண்டும். இரண்டாவது, இடது என்றால் போட்டுக்கொள்கிறவரின் இடது. எதிரில் நிற்பவரின் இடது தோள் நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். இருந்தாலும் அது இடதுதான். துணியைப் புரட்டிப் போட்டாலும் அதே கணக்கு. முப்பது வருடம் இப்படியே பேசி, கடையில் இருப்பவர்களுக்குக் கடைக்கு வெளியிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மாஸ்டர் ஒருமுறை போனில் வழி சொன்னதைக் கேட்டு, புது வாடிக்கையாளர் ஒருவர் எதிர்ப்பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "நான் சரியாத்தான் சொன்னேன், நம்ம கட்டடத்தோட இடது பக்கம்" என்று மாஸ்டர் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

பேட்டர்ன்கள் எல்லாம் ஒரு காலத்தில் காகிதத்தில் இருந்தன. நான்காவது அறை ஒன்று இருந்தது. அதில் கொக்கி கொக்கியாகத் தொங்கின. நாற்பது வயதில் அக்கா கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டார். உதவிப் பக்கத்தை ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று படித்து, செய்து பார்த்து, அடுத்த நாள் அடுத்த பத்தி. பிறகு மூன்று வருடம் உட்கார்ந்து ஆயிரத்து முந்நூறு சொச்சம் பேட்டர்ன்களையும் உள்ளே ஏற்றினார். கட்டடக்காரர் நான்காவது அறையைத் திரும்பக் கேட்டபோது, காகிதங்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஈரம் ஏறி, எலி கடித்து, பாதி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

"பேப்பரைத் தொட்டுப் பாக்கலாம். உன் கம்ப்யூட்டருக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மாஸ்டர்.

"எனக்குத் தெரியும். போடறதுக்கு வேற இடம் இல்லண்ணே. ஒரு பேட்டர்ன் காணாமப் போனாலும் என்னைக் கேளுங்க. நான் பொறுப்பு."

கடையின் முதலாளியம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அவ பொறுப்புன்னு சொல்லிட்டா" என்று முடித்துவிட்டார். காகிதங்கள் போயின. அன்றிலிருந்து அந்தச் சொல் அக்காவின் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

பல வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போல டிக், டிக் என்று சத்தம் வந்தது. ஃபைல் ஒன்று திறக்க மூன்று நிமிடம் ஆயிற்று. அன்று அக்கா வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அவர் கணவர், லிஃப்ட்காரர்.

"எல்லாம் ஒரே டிஸ்க்ல இருக்குங்க. அது சத்தம் போடுது."

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

அவர் தட்டிலிருந்து கையெடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "நாங்க லிஃப்ட்ல ஆறு கம்பிக்கயிறு போடுவோம். ஒரு கயிறே தாங்கும். ஆனா ஆறு போடுவோம். ஒரு கயித்துல ஆயிரம் பேரைத் தொங்கவிட்டுட்டு எப்படிம்மா இத்தனை நாள் தூங்கினே?"

"இன்னும் ரெண்டு சொல்லுங்க, நல்லா இருக்கு."

"சொல்லல. ரெண்டாவது கயிறு வாங்குன்னு சொல்றேன்."

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். என்ன கோளாறு என்று கேட்டாலும், "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் ஊரில் அவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபப்பட மாட்டார். அவர்தான் அந்தப் பெட்டியைக் காட்டினார். ரொட்டி வாட்டும் பெட்டி அளவு இருந்தது. முன்பக்கம் கதவு மாதிரி ஒன்று; திறந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ட்ரே. ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க் போடலாம். ரவுட்டரோடு ஒரு கேபிளில் இணைத்துவிட்டால் கடையில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குள் எழுதலாம், எடுக்கலாம்.

"நான் வந்து போட்டுத் தரேன், அரை மணி நேர வேலை" என்றார் ரீஸ்டார்ட்.

"வேண்டாம். நீங்க போட்டா உங்களுக்குத்தான் தெரியும். நானே போடறேன்."

பெட்டியோடு வந்த விளக்கத் தாள்கட்டை அக்கா நான்கு நாள் படித்தார். ஐந்தாம் நாள் காலையில், மெஷின்காரர்கள் வருவதற்கு முன், மாஸ்டரை இரண்டாவது ஜோடிக் கண்ணாக நிற்க வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். டிஸ்க்கை ட்ரேயில் வைத்து நான்கு திருகுகள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் பாதி பாதியாக முறுக்கி, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினார். காலர் பொருத்தும்போது ஊசி குத்துவதும் அப்படித்தான். ஒரு பக்கமே இழுத்தால் மறுபக்கம் கோணிவிடும். ட்ரேக்களை உள்ளே தள்ளியதும் டக் என்று பிடித்தன. கேபிளை ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் சுவரோரமாகக் கொண்டுபோய் ரவுட்டரில் செருகினார்.

திரையில் பெட்டியின் பக்கம் வந்தது. இரண்டு டிஸ்க்கையும் எப்படிச் சேர்க்கட்டும் என்று கேட்டது.

"இதுல ரெண்டு வழிண்ணே. ரெண்டையும் நீளமா ஒட்டுப் போட்டா இடம் ரெண்டு மடங்கு கிடைக்கும். ஆனா ஒண்ணு செத்தா எல்லாம் போச்சு. இன்னொண்ணு மிரர். ஒண்ணுல எழுதறதை அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். இடம் ஒரு டிஸ்க் அளவுதான் கிடைக்கும், ஆனா ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல எல்லாம் இருக்கும்."

"ரெண்டு துணியை அடுக்கி ஒரே வெட்டா வெட்டற மாதிரி."

"அதேதான்."

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "அப்போ கத்தரி தவறினா ரெண்டு துணியும் போகுமே."

அக்காவின் கை மவுஸில் அப்படியே நின்றது. அந்த மனிதர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் தாளில் பத்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "ஆமாண்ணே. நானே ஒரு ஃபைலை அழிச்சா ரெண்டுலயும் அழியும். டிஸ்க் சாகறதுக்கு மட்டும்தான் இது காவல். தனியா மூணாவதா ஒரு நகல் எடுத்து வேற இடத்துல வெக்கணும்."

"வெச்சுடு."

"வெச்சுடறேன்" என்றார் அக்கா. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அது தள்ளிப்போனதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவ்வளவு கவனமான மனுஷிக்கும் தள்ளிப்போடுவதற்கென்று ஒரு வேலை இருந்தது.

மிரரைத் தேர்ந்தெடுத்ததும், இந்த டிஸ்க்குகளில் இருப்பதெல்லாம் அழிக்கப்படும் என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழைய டிஸ்க் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெட்டியில் இருப்பவை இரண்டும் புதியவை என்று மாஸ்டரிடம் உறையைக் காட்டினார். அவர் தலையாட்டிய பிறகே அழுத்தினார். வால்யூம் தயாராகிறது, ஒரு சதவீதம் என்று வந்தது; இரண்டு டிஸ்க்கையும் சேர்த்த கிடங்குக்குப் பெட்டி வைத்திருந்த பெயர் அது. இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று சரிபார்த்து முடிக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கிலிருந்து பேட்டர்ன்களை நூறு நூறாக மாற்றி, எண்ணி, திறந்து பார்த்து, மூன்று நாளில் முடித்தார். பழைய டிஸ்க் அதற்கப்புறம் இரண்டு வாரம்தான் உயிரோடு இருந்தது.

கடைசியாக ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்று முன்பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு என்று தாள் சொன்னது. காலரில் வாடிக்கையாளர் பெயர் எழுதித் தைக்கும் வெள்ளை நாடாவில் 1, 2 என்று அழகாக எழுதி அக்கா ஒட்டினார். பெட்டி அலமாரியில் அவர்களைப் பார்த்தபடி இருந்தது. 1 அதன் இடப்பக்கத்தில், 2 அதன் வலப்பக்கத்தில். மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு காலை, பதினொரு மணி இருக்கும், பெட்டி கத்த ஆரம்பித்தது. ஒரே சீராக பீப், பீப். பின்னறையில் மெஷின்கள் நின்றன. அக்கா திரையில் பார்த்தார். டிஸ்க் 2 பழுது, வால்யூம் ஒற்றை டிஸ்க்கில் ஓடுகிறது, உடனே மாற்றவும்.

அவர் பதறவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதற்காகத்தானே போட்டது. ரீஸ்டார்ட்டிடம் சொல்லியனுப்பி அதே அளவில் புது டிஸ்க் ஒன்று வரவழைத்தார். ஓடும்போதே மாற்றலாம் என்று தாளில் இருந்ததை இன்னொருமுறை படித்தார்.

அன்றைக்கு ஓர் அவசர வேலையும் இருந்தது. பாட்டு டீச்சருக்கு மேடை அங்கி தைக்க வேண்டும். பாட்டு டீச்சர் இருபது வருட வாடிக்கையாளர். அறுபத்தெட்டு வயது, முதுகெலும்பு வளைந்து, இடது தோள் நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். மாணவர்களின் கச்சேரிக்கு இன்னும் ஒன்பது நாள். இரண்டு வாரத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நாற்காலியில் வைத்தாவது என்னை மேடைக்குக் கொண்டுபோங்கள், ஆனால் பழைய அங்கியில் வர மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த நிலையில் அவருக்கு நாற்பத்தொரு அளவும் மறுபடி எடுக்க முடியாது. பேட்டர்ன் பெட்டியில் இருந்தது. அதைத் திறக்கத்தான் அக்கா உட்கார்ந்தார், அதற்குள் பீப்.

"முதல்ல இதை முடிச்சுடறேண்ணே, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, 2 என்று நாடா ஒட்டியிருந்த ட்ரேயின் பிடியை அழுத்தி, மெதுவாக வெளியே இழுத்தார்.

பீப் சத்தம் மாறியது. இடைவெளியே இல்லாமல் ஒரே இழுப்பாக அலறியது. திரையில் மஞ்சளாக இருந்தது சிவப்பானது. வால்யூம் செயலிழந்தது. பேட்டர்ன்கள் இருந்த ஃபோல்டர் கண்ணெதிரே காணாமல் போனது.

"திரும்ப உள்ள தள்ளு" என்றார் மாஸ்டர்.

தள்ளினார். சத்தம் நிற்கவில்லை. திரையில் அந்த டிஸ்க் வந்தது. ஆனால் பயன்பாட்டில் இல்லாத டிஸ்க் என்று வந்தது. பக்கத்தில் நீலத்தில் ஒரு பொத்தான்: புதிய வால்யூம் உருவாக்கு.

"அதை அமுக்கு. உருவாக்கித் தரேன்னுதானே சொல்லுது."

அக்காவின் விரல் மவுஸில் இருந்தது. பின்னறையிலிருந்து மூன்று பேர் வந்து கதவில் நின்றார்கள். அலறல் காதைக் கிழித்தது. அந்தப் பொத்தானை அழுத்தினால் அது நின்றுவிடும் போல இருந்தது. அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருங்கண்ணே. இது புதுசா ஒண்ணு செய்யறேன்னு சொல்லுது. பழசைத் தரேன்னு சொல்லல."

"அப்போ பழசு எங்கே?"

"அதான் தெரியல."

சத்தத்தை மட்டும் நிறுத்தும் இடத்தைத் தேடி நிறுத்தினார். அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது. பழுதான டிஸ்க்கின் விவரத்தைத் திரையில் திறந்தார். அதற்கு நீளமாக ஒரு வரிசை எண் இருந்தது. ட்ரேயை மறுபடி இழுத்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் அதே எண்ணைத் தேடினார். கடைசி நான்கு எழுத்து வேறாக இருந்தது. விரலை வைத்து இரண்டாம் முறை படித்தார். மாஸ்டரைப் படிக்கச் சொன்னார்.

"வேறதான்" என்றார் மாஸ்டர்.

"கையில இருக்கறது நல்ல டிஸ்க்குண்ணே. செத்தது உள்ள இருக்கு. நான் உயிரோட இருக்கறதைப் பிடுங்கிட்டேன்."

எப்படி என்று கேட்க மாஸ்டர் வாயைத் திறந்தார். அக்கா பெட்டியைக் காட்டினார், பிறகு தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினார். "பெட்டி செஞ்சவன் நம்மளை மாதிரி இல்லண்ணே. பாக்கறவனோட இடதைச் சொல்லியிருக்கான். நான் பெட்டியோட இடதுல ஒண்ணுன்னு ஒட்டிட்டேன்."

மாஸ்டர் குனிந்து அந்த நாடாக்களைப் பார்த்தார். "நானும்தான் பாத்தேன்" என்றார்.

முதலாளியம்மா முன்னறையிலிருந்து வந்தார். அக்கா எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். டிஸ்க் ஒன்று செத்தது, நான் தப்பானதைக் கழற்றினேன், இப்போது ஒரு பேட்டர்னும் திறக்கவில்லை.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லம்மா."

"வேற எங்கேயும் நகல் இல்லையா?"

"வெக்கணும்னு நெனச்சேன். வெக்கல."

முதலாளியம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. அக்கா ரீஸ்டார்ட்டுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னார். எதை அழுத்தவில்லை என்பதையும் சொன்னார்.

"அதை அமுக்கலையே? நிச்சயமா?" என்றது போன்.

"அமுக்கல."

"அப்போ பயப்படாதீங்க. உங்க நல்ல டிஸ்க்ல எழுத்து எல்லாம் அப்படியே இருக்கு. பெட்டி ஓடிக்கிட்டிருக்கும்போது வெளியே வந்ததால அது குழம்பிப்போய் நிக்குது. இப்ப நான் சொல்லப்போறதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"ஆஃப் பண்ணுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்டருக்கு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார். பெட்டியை நிறுத்தச் சொன்ன ரீஸ்டார்ட், செத்த டிஸ்க்கை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். நல்லதை அது இருந்த அதே இடத்தில் போட்டு, மற்ற இடத்தைக் காலியாக விட்டு, ஆன் பண்ணச் சொன்னார். "அது சரி, ஒட்டினதை வேற யாரும் சரிபாக்கலையா?" என்று கேட்டார்.

"மாஸ்டர் பாத்தாரு."

"ரெண்டு பேரும் ஒரே தையல்கடை. என் பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாக்கூடச் சொல்லியிருப்பா."

அக்கா ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்தார். ஆன் பண்ணியதும் பெட்டிக்குள் டிஸ்க் சுழலும் சத்தம் மெல்ல ஏறியது. விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டே இருந்தது. பெட்டி முழுக்கத் தயாராகப் பத்து நிமிடம் ஆகும் என்று ரீஸ்டார்ட் சொல்லியிருந்தார். யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. பின்னறைப் பெண்களில் ஒருத்தி டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை கட்டியது. அக்கா திரையைப் பார்க்காமல் வெட்டுமேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேரை மறுபடி கூப்பிட்டு அளவெடுக்க முடியும் என்று மனதில் ஓட்டிப் பார்த்தார். பாதிப் பேர் வருவார்கள். சிலர் வேறு ஊர். சிலருக்கு இன்னொருமுறை யார் முன்னாலும் அப்படி நிற்பதற்கு மனசு வராது; முதல்முறை நிற்க வைக்கவே எத்தனை நயமாகப் பேச வேண்டியிருந்தது.

"வந்துடுச்சு" என்றார் மாஸ்டர்.

மஞ்சள் நிறம். ஒற்றை டிஸ்க்கில் ஓடுகிறது. ஃபோல்டர் இருந்தது. அக்கா முதலில் எண்ணிக்கையைப் பார்த்தார்: ஆயிரத்து நானூற்று எட்டு. பட்டியலின் தொடக்கத்தில் இரண்டு, நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டு என்று திறந்து பார்த்தார். திறந்தன. பாட்டு டீச்சரைத் திறந்தார். இறங்கிய தோளும் வளைந்த முதுகுக் கோடும் திரையில் வந்தன. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"புது டிஸ்க்கைப் போடு" என்றார் மாஸ்டர்.

"முதல்ல நகல்."

முதலாளியம்மாவே கீழே போய், கைக்கு அடக்கமான வெளி டிஸ்க் ஒன்று வாங்கிவந்தார். எல்லாவற்றையும் அதில் இறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதை முதலாளியம்மாவின் கைப்பையில் போட்டு, அவர் வீட்டில் இருக்கட்டும் என்று சொன்ன பிறகே அக்கா புது டிஸ்க்கை ட்ரேயில் திருகினார். நாடாக்களை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு ட்ரேயின் மேலும் டிஸ்க்கின் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்தை மட்டும் எழுதி ஒட்டினார். இந்த முறை அதைச் சரிபார்க்க ரீஸ்டார்ட்டை மாடி ஏற வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவர் தலையாட்டினார். வால்யூமைச் சரிசெய் என்று அழுத்தினார்கள். நல்ல டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புது டிஸ்க்கில் எழுத ஆரம்பித்தது. ஒரு சதவீதம், இரண்டு.

சாயங்காலம் லிஃப்ட்காரர் கதையை முழுக்கக் கேட்டார். "கயிறு அறுந்தா லிஃப்ட் விழாது. எந்தக் கயிறு அறுந்துதுன்னு தெரியாம நல்லதைக் கழட்டுறவனாலதான் விழும்" என்றார்.

"தெரியாமலா? ரெண்டு பேர் பாத்துத்தானே கழட்டினோம்" என்றார் அக்கா. அதற்கப்புறம்தான் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை பெட்டி பச்சைக்கு வந்திருந்தது. பாட்டு டீச்சரின் பேட்டர்னை அச்செடுத்து, அக்காவும் மாஸ்டரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாற்பத்தொரு அளவு இல்லை. பேட்டர்ன் கையில் இருப்பதால் மூன்றோ நான்கோ போதும், தோளும் முதுகும் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்க்க. டீச்சரைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். இளைத்திருந்தார். அக்கா இஞ்ச் டேப்பை வைத்தார், மாஸ்டர் குறித்தார். இறங்கிய தோள் இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. உட்கார்ந்தே போடும் அங்கி என்பதால் முன்பக்கம் நீளத்தைக் குறைக்க வேண்டும், பின்பக்கம் கூட்ட வேண்டும்.

"மாறிட்டேனா?" என்றார் டீச்சர்.

"கொஞ்சம்" என்றார் அக்கா. பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பழைய அளவைத் தூக்கிப் போட்டுடுவீங்க."

"இல்ல டீச்சர். இதைப் புதுசா தேதி போட்டுப் பக்கத்துல வெப்பேன். பழசும் அப்படியே இருக்கும்."

"எதுக்கு? அந்த ஆள் இனிமே வரப்போறதில்லையே."

"நடந்து வந்துட்டீங்கன்னா? அப்போ நான் எதை வெச்சு வெட்டறது?"

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த துண்டை எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார், எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு.

"கழுத்தையும் ஒருதடவை அளந்துக்கோங்க" என்றார். "பாடும்போது அது கொஞ்சம் பெருசாகும்."